உண்ணிப்பூவில் அந்தரத்தில் நின்று தேன் குடித்தது எது?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வேலியோரம் பூத்திருக்கும் உண்ணிச்செடியில், நேற்றுக் காலை பத்து மணியளவில், பச்சை உடலும் இடுப்பில் செங்கபிலப் பட்டையும் கண்ணாடி போன்ற சிறகுகளும் கொண்ட ஒன்று, பூவில் உட்காராமலேயே குழலை நீட்டித் தேன் குடித்தது. வாலில் கறுப்புக் குஞ்சம் வேறு இருந்தது. இது தேன்சிட்டா, வண்டா?

மறுமொழி 1: இரண்டுமல்ல ஐயா. இது பருந்து அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்தது. 1771-இல் லின்னேயஸ் பெயரிட்ட இதன் இன்றைய அறிவியல் பெயர் செபோனோடெஸ் ஹைலஸ் (Cephonodes hylas). இதன் உறவினர்களில் பெரும்பாலானவை அந்தியிலும் இரவிலும் பறக்க, இதுவோ பகலில் திரிகிறது. பூவை விட்டு நகரும்போது உறிஞ்சுகுழலைக் கடிகாரச் சுருள்வில் போலச் சுருட்டிக்கொள்ளும்.

மறுமொழி 2: கார்டினியா என்னும் பூச்செடியின் இலையைத் தின்றுகொண்டிருந்த, வாலில் கொம்புள்ள இந்த அந்துப்பூச்சியின் பச்சைப் புழு ஒன்றை மண் பரப்பிய பெட்டியில் வைத்து வளர்த்தேன். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தபோது அதன் சிறகுகள் கண்ணாடியாக இல்லை, சாம்பல் பூசியதுபோல மங்கலாக இருந்தன; முதன்முறை படபடத்துப் பறந்ததும் செதில்கள் பொடியாக உதிர்ந்தன, பெட்டியின் அடியில் அந்தத் தூள் கிடந்ததை இன்றும் மறக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் காப்பிச் செடிக்கும் ஆபத்தா? மருந்து அடிக்கலாமா?

மறுமொழி 1: புழு காப்பி இலையையும் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் ஓரிரு புழுக்களுக்காக மருந்து அடிப்பது வீண். கையால் எடுத்து வேறு செடியில் விட்டாலே போதும். அந்தக் கொம்பு கொட்டாது.