‘டக்’ என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை: இதற்கு என்ன கலைச்சொல்?

அனைவருக்கும் வணக்கம். கார் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியல் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கிரேங்க், ஸ்டார்ட் இரண்டுக்கும் ‘தொடக்கல்’ என்று ஒரே சொல் போதாதா ஐயா?

போதாது அம்மா. பழுது பார்ப்பதே இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் ஆரம்பிக்கிறது. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிடுவது ஒரு வேலை; அதுதான் கிரேங்க். அந்தச் சுற்றில் எரிபொருள் பற்றி எஞ்சின் தானாக ஓடத் தொடங்குவது வேறு வேலை; அது ஸ்டார்ட். முதலாவது நடக்கவில்லை என்றால் பேட்டரி, எர்த் கேபிள் (பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் கம்பி), செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக், சென்சார் பக்கம் போக வேண்டும். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லை அச்சிட்டால், படிப்பவர் நல்ல பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதுக்குக் காசு கொடுப்பார்.

ஒர்க்‌ஷாப்பில் இந்தக் குழப்பமே கிடையாது. ‘செல்ஃப் எடுக்கல’ என்பார்கள். அல்லது ‘செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல’ என்பார்கள். பாதி நோயறிதல் அந்த வினையிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் கிரேங்க் என்பதற்கு ‘எடுப்பு’ என்று முன்மொழிகிறேன். எஞ்சின் ஓடத் தொடங்குவதற்குத் ‘தொடக்கம்’ இருக்கட்டும். ‘எடுப்பு’ என்றால் தோற்றப் பொலிவு அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கும் எடுப்பு என்றுதான் பெயர். அங்கே யாரும் குழம்புவதில்லை.

1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார செல்ஃப் வருவதற்கு முன்னால், முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால்தான் சுற்றினார்கள். ஹேண்டில் போய்விட்டது; கிரேங்க் என்ற சொல் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. வேலை செய்தவர்கள் வாயில் புழங்கிய சொல் அப்படித்தான் நிற்கும்.

> சாலினாய்டு = வரிச்சுருள். பாடநூலிலேயே இருக்கிறது.

இயற்பியலுக்கு அது சரி. செல்ஃப் மோட்டார் மேல் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டில் சுருள் ஒரு பகுதிதான். ‘இழுக்கும் சுருள்’, ‘பிடிக்கும் சுருள்’ என இரண்டு சுருள்கள் சேர்ந்து ஒரு இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். தண்டின் ஒரு முனை பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃபிளைவீலின் பல்லில் கோக்கும். மறுமுனை கனத்த செம்புத் தொடுமுனைகளை இணைத்து மோட்டாருக்குக் கரண்டை விடும். கடையில் போய் வரிச்சுருள் கேட்டால் கிடைக்காது. பாகத்தின் பெயரை அப்படியே விட்டுவிட்டு, நோய்க்குறிக்குச் சொல் தேடுவோம்.

> அந்த ‘டக்’ ஒலிக்குச் ‘சொடுக்கல்’?

அது மவுஸோடு ஒட்டிப்போன சொல். அதைவிடப் பெரிய தடை, இங்கே ஒலி ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு.

‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையேல் டெர்மினல் தளர்ந்திருக்கும். தொடுமுனை சேர்ந்ததும் இழுக்கும் சுருள் ஓய்ந்துவிடும். பிடிக்கும் சுருள்தான் தண்டைத் தாங்க வேண்டும். அதே கணத்தில் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுவதால் வோல்டேஜ் சரிகிறது, பிடி விட்டுப்போகிறது, தண்டு பின்வாங்குகிறது. சுமை நீங்கியதும் வோல்டேஜ் மீண்டு திரும்ப இழுக்கிறது. இதைத் ‘தொடர்தட்டு’ எனலாம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவு. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறக்குறைய தீர்ந்தது. ஆனால் 12.6ஐ மட்டும் நம்பிவிடக் கூடாது, எடுப்பின்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

அழுத்தமாக ஒரே ஒரு ‘டக்’, அதன்பின் அமைதி என்றால் ‘ஒற்றைத்தட்டு’. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் குறையாமல் நின்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை: தொடுமுனை கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். அவை சரியென்றால் மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கிறது.

எர்த்தைச் சோதிக்க, கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலேயே வைக்க வேண்டும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் அல்ல. மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்தப் பாதையில்தான். கிளாம்புக்குள் படிந்த வெள்ளைப் பொடி வெளியே தெரியாது. கிளாம்பைக் கழற்றினால்தான் தெரியும்.

ஆக, பட்டியலில் சேர்க்கக் கேட்பவை: எடுப்பு, எடுப்பின்மை, ஒற்றைத்தட்டு, தொடர்தட்டு. சாலினாய்டுக்குக் கரண்டை விடும் சிறு மின்சுவிட்சான ரிலேயிலிருந்து வரும் மெல்லிய ‘டிக்’ தனி வகை. அது கேட்டும் சாலினாய்டு அசையாத நிலைக்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் வாயில் என்ன புழங்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.