கடைசிவரை முகம் காட்டாத கொலைகாரன்: 'பிளாக் கிறிஸ்துமஸ்' நம்மை ஏமாற்றுகிறதா?

கடைசிவரிசை:
1974-இல் பாப் கிளார்க் கனடாவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்தை நேற்று இரவு பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் நேரம், கல்லூரி மாணவிகள் தங்கியிருக்கும் பெரிய வீடு. ஒருவன் பரண் வழியாக நுழைந்து அங்கேயே ஒளிந்துகொள்கிறான். தொலைபேசியில் ஆபாச அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். முடிவையும் சொல்லித்தான் பேசப் போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தப் படத்தின் மேல் கோபம். கொலைகாரன் யார், எங்கிருந்து வந்தான், ஏன் கொல்கிறான் என எதுவுமே கடைசிவரை தெரிவதில்லை. ஒரு கண்ணும் சில நிழல்களும்தான் நமக்குக் கிடைப்பவை. நாயகி ஜெஸ்ஸின் காதலன் பீட்டர் மேல் சந்தேகம் வரும்படி படம் முழுக்க ஏற்பாடு செய்துவிட்டு, அவனும் இல்லை என்று கைவிரித்துவிடுகிறார்கள். பார்வையாளரை இப்படி அலைக்கழிப்பது நியாயமா? கிறிஸ்துமஸும் வெறும் தோரணம்தான். அலங்கார விளக்குகளைக் கழற்றிவிட்டால் எந்த மாதத்திலும் நடக்கக்கூடிய கதை இது.

வெண்பனி:
கிறிஸ்துமஸைக் கழற்றிவிட்டால் இந்தக் கதையே நடக்காது, நண்பரே. முதல் கொலையை நினைத்துப் பாருங்கள். கிளேர் ஊருக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது சாகிறாள். அவளைக் காணவில்லை என்று அந்த வீட்டில் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. எல்லோருமே கிளம்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் யார் யாரைத் தேடுவார்கள்? மறுநாள் அழைத்துப் போக வந்த அப்பா குளிரில் நின்று காத்திருந்த பிறகுதான் தேடலே ஆரம்பிக்கிறது. காவல் நிலையத்தில் சொன்னால், பெண் காதலனோடு எங்காவது போயிருப்பாள் என்று அலட்சியமாகப் பதில் வருகிறது.

வீட்டுப் பொறுப்பாளர் அம்மாவும் அப்படித்தான். வாடகைக் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது, அவர் பூனையைத் தேடிப் பரணுக்கு ஏறுகிறார். ஊருக்குப் போகப் புறப்பட்டவரைக் காணோம் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு வீட்டில் இருப்பவர்களை யாரும் எண்ணிப் பார்க்காத சில நாட்கள் வருடத்தில் உண்டு. இந்தப் படம் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அப்புறம் அந்தக் கேரல் காட்சி. வாசலில் குழந்தைகள் பாடுகிறார்கள், ஜெஸ் கதவருகே நின்று முகம் மலரக் கேட்கிறாள். அதே நேரத்தில் மாடியில் பார்ப் என்ற மாணவி கண்ணாடிப் பொம்மையால் குத்தப்படுகிறாள். ஒரு ஷாட்டில் குழந்தைகளின் முகம், அடுத்த ஷாட்டில் உடைந்த கண்ணாடி. மேலே என்ன நடந்தாலும் பாட்டுச் சத்தத்தில் கீழே கேட்காது. வேறு எந்த மாதத்தில் குழந்தைகள் ராத்திரியில் வீட்டு வாசலில் வந்து பாடுவார்கள்?

கடைசிவரிசை:
கேரல் காட்சி அருமை, அதை மறுக்கவில்லை. விடுமுறை பற்றி நீங்கள் சொன்னதையும் பாதி ஏற்கிறேன். ஆனால் போலீஸ்? வீட்டுக்குள்ளேயே இருக்கும் பரணை ஒருவர்கூட ஏறிப் பார்ப்பதில்லை. கிளேரின் உடல் முகத்தில் பிளாஸ்டிக் உறையோடு அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. படம் முடியும்வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதைப் பயம் என்று சொல்லாதீர்கள், திரைக்கதை ஓட்டை என்று சொல்லுங்கள்.

ஒலிக்கூடம்:
போலீஸ் விஷயத்தில் கடைசிவரிசை பக்கம்தான் நான். பூங்காவில் ஒரு சிறுமியின் உடல் கிடைத்ததால் அவர்கள் கவனம் சிதறியது சரி. அதற்காகப் பரண் மறந்துபோகுமா?

ஆனால் பணமில்லாமல் எடுத்த படம் என்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது. சத்தத்தைக் கவனியுங்கள். இசையமைப்பாளர் கார்ல் ஸிட்டரர் பியானோ கம்பிகளில் முள்கரண்டி, சீப்பு, கத்தி எல்லாம் கட்டி வாசித்திருக்கிறார். அதனால்தான் அந்த ஒலி இசை மாதிரியும் இல்லை, வீட்டில் ஏதோ உருள்கிற மாதிரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நம்மை உறுத்துகிறது. தொடக்கத்தில் வீட்டுச் சுவரேறிப் பரணுக்குள் போகிறதே கேமரா, அதைத் தோளில் கட்டிக்கொண்டு ஏறியவர் கேமராக்காரர் பெர்ட் டங்க். கொலைகாரனின் கண்வழியே தொடங்கும் இன்னொரு புகழ்பெற்ற படமான 'ஹாலோவீன்' வந்தது 4 வருடம் கழித்து, 1978-இல்.

தொலைபேசிக் காட்சியும் அப்படித்தான். அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஊழியர் இணைப்பகத்தில் இயந்திர வரிசைகளுக்கு நடுவே ஓடி ஓடித் தேடுகிறார். எதிர்முனையில் ஆள் பேசிக்கொண்டே இருந்தால்தான் தடம் கிடைக்கும். அதனால் ஜெஸ் அந்தக் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. கடைசியில் பார்த்தால் அழைப்பு அதே வீட்டுக்குள்ளிருந்து!

கடைசிவரிசை:
இவ்வளவு உழைத்தவர்கள் அந்த ஆளைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். அவன் போனில் பில்லி, ஆக்னஸ் என்று ஏதேதோ பெயர் சொல்லிக் கத்துகிறான். அந்தக் கதை எங்கே?

வெண்பனி:
அந்தக் கதையை 2006 மறுஆக்கத்தில் எடுத்துக் காட்டினார்களே! பில்லியின் குழந்தைப் பருவம், தாயின் கொடுமை, நோயால் மஞ்சளான தோல் என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அவன் மேல் பயம் வரவில்லை, அவன் ஒரு நோயாளியாகத்தான் தெரிந்தான். 1974 படத்தின் குரலுக்கு இன்றும் தனியாக இருக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பீட்டர் விஷயத்திலும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெஸ் கருவைக் கலைக்க முடிவு செய்கிறாள். பீட்டர் அவளை மிரட்டுகிறான், பியானோவை அடித்து உடைக்கிறான். அவன் கொலைகாரன் இல்லை, ஆனாலும் அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1974-இல் ஒரு திகில் படத்தின் நாயகி தன் முடிவில் இவ்வளவு தெளிவாக நின்றாள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அவன் மேல் நமக்கு வரும் சந்தேகம் அவளுடைய சந்தேகம்தான், அதை எப்படி ஏமாற்று என்பது?

கடைசிவரிசை:
சரி, பீட்டர் பற்றிய என் புகாரை விட்டுவிடுகிறேன். அவனை ஜெஸ்ஸின் கண்ணால் நான் பார்க்கவே இல்லை. பரண் விஷயத்தில் மாத்திரம் மாறமாட்டேன், அது ஓட்டைதான்.

இந்தப் பதிலை எழுதுவதற்கு முன் கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பீட்டர்தான் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிட்டு, மருந்து கொடுத்துத் தூங்கவைத்த ஜெஸ்ஸைத் தனியே படுக்கவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். வாசலில் ஒரே ஒரு காவலர். கேமரா மெல்ல அறைகளைக் கடந்து பரணுக்குப் போகிறது. அப்புறம் போன் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை, பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது பெயர்கள் வந்ததுமே எரிச்சலில் அணைத்துவிட்டேன். இந்த மணியை நேற்று நான் கேட்கவே இல்லை.