அயனாம்சமே முடிவாகாத ஜோதிடத்துக்கு வானியல் சாட்சியா?

கோள்பித்தன்: "ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தைப் போடுவதே கொல்கத்தாவிலுள்ள மத்திய அரசின் வானியல் மையம்; ஆகவே விஞ்ஞானிகள் ஜோதிடத்தை ஏற்றுக்கொண்டாயிற்று" என்று லக்னாதிபதி எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த மையம் கணிப்பது கோள்நிலை, திதி, கிரகணம், உதய அஸ்தமன நேரம். சனி மீனத்துக்கு வந்தால் யாருக்கு வேலை போகும் என்பது அதன் வேலை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். லக்னாதிபதி, உங்கள் ஜாதகக் கட்டம் எந்த அயனாம்சம்? அதாவது, வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து எத்தனை பாகை தள்ளி மேஷத்தைத் தொடங்குகிறீர்கள்? ஜோசியர்கள் வைத்திருக்கும் கணக்குகளில் லாஹிரியா, ராமனா, கே.பி.யா?

லக்னாதிபதி: லாஹிரி. 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஏற்றது. 1956 மார்ச் 21-க்கு 23° 15′. சாகா என்ன ஜோசியரா? உலகறிந்த இயற்பியலாளர் ஐயா.

கோள்பித்தன்: அந்தக் குழு தேடியது, ஊருக்கு ஊர் மாறிய பஞ்சாங்கங்களுக்கு ஒரு பொதுக்கணக்கு. பலன் பலிக்குமா என்பதை அது சோதிக்கவே இல்லை. அதே குழு தந்த தேசிய நாட்காட்டியில் சைத்ரம் 1 என்பது மார்ச் 22, லீப் வருடத்தில் 21. அது வசந்த சம இரவை ஒட்டிய சாயன ஆண்டு, அயனாம்சமே கிடையாது. அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கணக்குக்கு வாருங்கள். லாஹிரிக்கும் ராமனுக்கும் வித்தியாசம் சுமார் 1° 26′. ஒரு நட்சத்திரம் 13° 20′. பிறக்கும்போது சந்திரன் பரணியில் இருந்தால் முதலில் சுக்கிர தசை, அதாவது வாழ்நாளில் சுக்கிரன் ஆளும் காலம், மொத்தம் 20 வருடம். அந்த 1° 26′ தசை இருப்பை, அதாவது பிறப்பில் மீதமுள்ள தசைக் காலத்தை, ஏறக்குறைய 2 வருடம் 2 மாதம் நகர்த்தும். பின்னால் வரும் எல்லா தசையும் அதே அளவு தள்ளும். ராசியில் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சம், அதாவது ஒரு நட்சத்திர பாதம், வெறும் 3° 20′. பத்தில் நாலு கிரகம் பாதம் மாறிவிடும். கல்யாண வருடம் சொல்வது இதை வைத்துத்தானே? எது சரி, எப்படிச் சோதித்தீர்கள்?

விண்மீன்விரும்பி: வசந்த சம இரவுப் புள்ளி நகர்வது வருடத்துக்குச் சுமார் 50.3 விகலை (பாகையில் 3600-இல் ஒன்று ஒரு விகலை), ஒரு பாகைக்கு ஏறத்தாழ 72 வருடம். இந்த நகர்வில் யாருக்கும் சண்டை இல்லை. சித்திரை நட்சத்திரத்தை 180°-இல் நிறுத்தினால் லாஹிரி. அங்கே ஏன் நிறுத்த வேண்டும் என்பதை எந்தத் தொலைநோக்கியாலும் அளக்க முடியாது.

லக்னாதிபதி: கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர் ஜாதகம் கணித்தவர். நீங்கள் கெப்ளரைவிடப் பெரியவர்களோ? 1975-இல் 186 விஞ்ஞானிகள் ஜோதிடத்துக்கு எதிராகக் கையெழுத்திட்டபோது வானியலாளர் கார்ல் சாகன் கையெழுத்திட மறுத்தார். அதையும் சொல்லுங்கள்.

கோள்பித்தன்: சாகன் மறுத்தது அந்த அறிக்கையின் அதிகாரத் தொனிக்காக. ஜோதிடம் செல்லும் என்று அவர் நினைக்கவில்லை, அதையும் தெளிவாகவே சொன்னார். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது உங்கள் பழைய வழக்கம்.

திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி, 12°-க்கு ஒன்று. கழிக்கும்போது அயனாம்சம் அடிபட்டுப் போகும். கிரகணமும் அப்படியே. ராமன் வைத்தாலும் லாஹிரி வைத்தாலும் கிரகணம் அதே நிமிடம். வானத்தில் சரிபார்க்கக்கூடிய எதற்கும் உங்கள் அயனாம்சம் தேவையில்லை. அயனாம்சத்தை நம்பி நிற்கும் ராசி, தசை பலனைச் சோதித்தால் என்ன ஆகிறது? வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரின் குழு 27 ஜோசியர்களுக்குத் தலைக்கு 40 ஜாதகம் கொடுத்து, படிப்பில் கெட்டிக்காரக் குழந்தையா, மனவளர்ச்சி குன்றிய குழந்தையா என்று கேட்டது. சரியான விடை 46 சதவீதம். காசு சுண்டினாலே 50.

லக்னாதிபதி: பிறந்த நேரம் துல்லியமா? லக்னம், அதாவது கிழக்கே உதிக்கும் ராசிப் புள்ளி, சராசரியாக 4 நிமிடத்துக்கு 1° ஓடும். கடிகாரம் தப்பினால் பலனும் தப்பும். இது தெரியாதவர்கள் சோதனை நடத்தக் கூடாது.

கோள்பித்தன்: நன்றி. 1° 26′ என்றால் ஏறக்குறைய 6 நிமிடம். கடிகாரத்தில் 6 நிமிடம் தப்பினால் பலன் கெடும், அயனாம்சத்தில் அதே அளவு தப்பினால் கெடாதா? எது சரி?

வாக்கியதாசன்: லாஹிரியே வேண்டாம் என்கிறேன். இன்றைய வானியல் கணக்கில் பஞ்சாங்கம் போடும் திருக்கணிதக்காரர்கள் 2025 மார்ச் 29-லேயே சனிப்பெயர்ச்சி என்று ஊரைக் கூட்டினார்கள். திருநள்ளாறு பின்பற்றுவது பழைய சூத்திரங்களால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி 2026 மார்ச் 6. கோயிலைவிட உங்கள் மென்பொருள் பெரிதா லக்னாதிபதி?

விண்மீன்விரும்பி: ஒரே சனி, 11 மாத வித்தியாசம். வானத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

லக்னாதிபதி: வாக்கியத்துக்குப் பல நூற்றாண்டுகளாகத் திருத்தம் இல்லை. கிரகணம் வந்தால் மட்டும் திருக்கணிதத்தை எட்டிப்பார்ப்பது யார் வாக்கியதாசன்? போன முறையும் இதற்குப் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

வாக்கியதாசன்: ஓடியது நீங்கள். ரிஷிகள் வாக்கைத் திருத்த நீங்கள் யார்?

கோள்பித்தன்: இரண்டு பேருமே என் கேள்வியைத் தொடவில்லை. லாஹிரியா, ராமனா? எந்தச் சோதனையில் முடிவாயிற்று?

லக்னாதிபதி: லாஹிரி என்று சொல்லியாயிற்று. எத்தனை தடவை சொல்வது? முதலில் கிரகணத்துக்கு வாக்கியதாசன் பதில் சொல்லட்டும்.