வைஃபை டிரைவரை மூடிவைக்கச் சொன்னது யார்?

அலைநீளம்: "வைஃபை சில்லை இயக்கும் டிரைவரின் மூலநிரலை வெளியிட அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தடை விதித்திருக்கிறது, மூடிவைக்கும் சில்லு நிறுவனங்களைத் திட்டாதீர்கள்" என்று தறிகாரன் அடித்துச் சொல்லியிருக்கிறார். எந்த விதி?

தறிகாரன்: 2007இல் மென்பொருள் ரேடியோ (அலைவரிசையையும் சக்தியையும் மென்பொருளே தீர்மானிக்கும் கருவி) பற்றி எஃப்சிசி சொன்னதைப் படியுங்கள். கருவியின் பாதுகாப்பு, யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூலத்தையே முழுக்க நம்பியிருந்தால், அது போதுமானது என்று நிரூபிக்கும் சுமை தயாரிப்பாளருக்கு அதிகம்.

அலைநீளம்: சுமை என்பது தடையா? நான் தடையைக் கேட்டேன். வைஃபை சில்லு நிறுவனமான அத்தெரோஸும் இதே சாக்கைச் சொல்லித்தான் லினக்ஸ் டிரைவரான மேட்வைஃபைக்கு, சில்லோடு நேரடியாகப் பேசும் ஹால் பகுதியை மூலநிரல் இல்லாத மூடிய கோப்பாகவே தந்துவந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தின் நிரலாளர் ரெய்க் ஃப்ளோட்டர் அதன் வேலையை ஆராய்ந்து மாற்று நிரல் எழுதினார். 2008இல் அத்தெரோஸே ஏடிஎச்9கே என்ற திறமூல லினக்ஸ் டிரைவரையும், பிறகு ஹால் மூலநிரலையும் வெளியிட்டது. எந்தத் தடை நீங்கியதால் வெளியிட்டார்கள்?

மலைக்கோட்டையான்: விமான நிலைய வானிலை ராடார், வைஃபையும் பயன்படுத்தும் 5600–5650 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் வைஃபை கருவிகள் அதைக் கெடுத்தன. ஆளாளுக்கு டிரைவரைத் திருத்தினால் விமானி என்ன செய்வார்?

அலைநீளம்: அங்கே சிக்கியவை இணையச் சேவை நிறுவனங்கள் வெளியில் நிறுவிய கருவிகள். திறமூல டிரைவருக்கு அதில் என்ன பங்கு? இதையும் கேளுங்கள்: 2016இல் ரூட்டர் தயாரிக்கும் டிபி-லிங்க், எஃப்சிசியிடம் 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் சொந்த மென்பொருளிலேயே நாட்டுக் குறியீட்டை மாற்றி, அனுமதித்த அளவுக்கு மேல் சக்தியை ஏற்ற முடிந்தது. பிறர் எழுதும் ஃபர்ம்வேருக்கும் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) இடம் தர வழி தேட வேண்டும் என்பது அதே ஒப்பந்தத்தின் நிபந்தனை. விதி எங்கே, தறிகாரன்?

தறிகாரன்: 2015 மார்ச்சில், ரூட்டரில் ஏற்றும் திறமூல ஃபர்ம்வேரான டிடி-டபிள்யூஆர்டியைப் பெயர் சொல்லி, அதை ஏற்ற முடியாதபடி எப்படிக் காக்கிறீர்கள் என்று கேட்டதே எஃப்சிசி!

அலைநீளம்: நவம்பரில் அந்த வரியை நீக்கியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? முன்பு நடந்த அச்சுப்பொறி விவாதத்திலும் பாதி ஆவணத்தைத்தான் காட்டினீர்கள்.

தறிகாரன்: அச்சுப்பொறியை இங்கே இழுக்காதீர்கள். அன்று என் பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தவர் நீங்கள்தான்.

மலைக்கோட்டையான்: ரெய்க்கின் நிரலைக் கொண்டாடுகிறீர்களே, 2007இல் அதன் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமத்தை எடுத்துவிட்டு, மாற்றங்களையும் திறந்தே தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தைப் போடப் பார்த்தது உங்கள் லினக்ஸ் கூட்டம்.

அலைநீளம்: அது முன்மொழிந்த திருத்தம், எதிர்ப்பு வந்ததும் சரிசெய்தார்கள். தறிகாரன், விதியைக் காட்டாமல் நகராதீர்கள்.

தறிகாரன்: காட்டிவிட்டேன். படிக்க மனமில்லாதவருக்கு இரண்டாம் முறை காட்ட மாட்டேன்.

மலைக்கோட்டையான்: முன்மொழிவு என்று சப்பைக்கட்டு கட்டாதீர்கள். அடுத்தவர் உரிம வரியில் கை வைத்தது சரியா, தவறா?