சின்ன கம்பெனி, கைக்கு அடக்கமான பட்ஜெட்: பேட்டன்ட், டிரேட்மார்க், ரகசியம், எதில் செலவழிக்கலாம்?

கேள்வி:
மோட்டாரின் அதிர்வை வைத்து பேரிங் தேய்மானத்தை முன்கூட்டியே சொல்லும் கருவி செய்திருக்கிறோம். மொத்தமே ஆறு பேர். கருவியை மோட்டாரில் மாட்டும் கிளாம்ப் புது வடிவம். பழுதைக் கணிக்கும் கணக்கீடும் எங்களுடையதே. சர்க்யூட் போர்டு வரைந்து தந்தவர் வெளியாள். நான்கு மாதத்தில் கண்காட்சி. எல்லாவற்றுக்கும் பேட்டன்ட் எடுக்கக் காசில்லை. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில் 1:
கருவியைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுவது எது, தெரியாதது எது என்று முதலில் பாருங்கள். கிளாம்ப் கண்ணுக்குத் தெரியும். பேட்டன்ட் காசை அதில் போடுங்கள். கணக்கீடு உங்கள் சர்வரில் ஓடினால் ரகசியமாகவே இருக்கட்டும். பேட்டன்ட் விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். போட்டியாளருக்கு நீங்களே பாடம் எடுத்த மாதிரி.

விண்ணப்பம் கண்காட்சிக்கு முன்பே போக வேண்டும். பொதுவில் காட்டிவிட்டால், பிறகு அது புதிது என்று சொல்ல முடியாமல் போகலாம். அமெரிக்கச் சட்டத்தில், பொதுவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது.

முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போடலாம். அதற்குள் பிசிடி விண்ணப்பம் (பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் ஒரே சர்வதேச விண்ணப்பம்) போட்டால், பெரும்பாலான நாடுகளில் அதே தேதியிலிருந்து 30 மாதம் வரை தள்ளலாம். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் பொருள் எங்கே விற்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும், மற்ற நாடுகளை விட்டுவிடலாம். மிச்சம் அங்கேதான்.

முழு விண்ணப்பத்துக்கு முன்பே தேதியைப் பிடித்து வைக்கப் போடும் தற்காலிக விண்ணப்பத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். அதில் எழுதியதற்கு மட்டுமே அந்தத் தேதி செல்லும். திருகு வைத்த கிளாம்ப் மட்டும் எழுதிவிட்டு, பிறகு காந்தம் வைத்ததைச் சேர்த்தால் காந்தத்துக்குப் புதுத் தேதிதான். நடுவில் நடந்த கண்காட்சியே அதைக் கவிழ்க்கும். மாற்று வடிவங்கள், அளவு வரம்புகள், படங்கள் எல்லாம் முதல் நாளே உள்ளே இருக்கட்டும்.

பதில் 2:
அதற்கும் முன்னால் சர்க்யூட் போர்டைக் கவனியுங்கள். பல நாடுகளில் காசு கொடுத்ததாலேயே வெளியாளின் வரைபடம் உங்களுடையதாகாது. கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். அதில் 'மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்தால் போதாது, 'இதன்மூலம் மாற்றித் தருகிறேன்' என்று இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ரோஷ் மருந்து நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் மாட்டிக்கொண்டது இந்த வேறுபாட்டில்தான். 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் பலன் இல்லை. மொத்தத்திலேயே மலிவான வேலை இது, ஒரு பக்கத் தாள்.

பதில் 3:
டிரேட்மார்க்கில் லோகோவை விட்டுவிட்டு முதலில் பெயரை மட்டும் எழுத்தாகப் பதியுங்கள். லோகோ மாறினால் மறுபடி கட்டணம்; எழுத்து எந்த வடிவத்துக்கும் பொருந்தும். பொருள்களையும் சேவைகளையும் பிரித்து மொத்தம் 45 வகுப்புகள், பெரும்பாலும் வகுப்புக்கு வகுப்பு கட்டணம். கருவிக்கு 9, இணையவழி மென்பொருள் சேவைக்கு 42, இந்த இரண்டு போதும். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் உலக பிராண்டு தரவுத்தளம் இலவசம். ஒலி ஒத்த பெயர்களையும் அதில் தேடிவிட்டுப் பிறகு பெட்டி அச்சடியுங்கள்.

கேட்டவர்:
கணக்கீட்டில் பாதி கருவியின் சிப்பிலேயே ஓடுகிறது. ரகசியம் நிற்குமா?

பதில் 1:
விற்ற கருவியைப் பிரித்து ஆராய்வதைப் பல நாடுகளின் சட்டம் தடுப்பதில்லை. சிப்பில் உள்ள நிரலை வெளியே படிக்கவிடாத ரீட்அவுட் பாதுகாப்பைப் போட்டுவிட்டு, சோதனைக்காகச் சிப்போடு இணைக்கும் டீபக் போர்ட்டை மூடுங்கள். அதுவும் தாமதப்படுத்தத்தான் செய்யும். அதனால் வடிகட்டுவதைச் சிப்பில் விட்டு, எச்சரிக்கை எல்லை மதிப்புகளைச் சர்வருக்கு மாற்றுங்கள். அந்த மதிப்புகள் உள்ள கோப்பை யார் யார் திறக்கலாம் என்று பட்டியலும், என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்தும், திறந்ததற்கான பதிவும் இல்லாவிட்டால், பின்னாளில் அதை ரகசியம் என்று நீதிமன்றத்தில் நிறுவுவது கஷ்டம்.