உயர்நிலை ஒன்று பிள்ளைகளுக்கு எந்த ஏர் பிஸ்டல்?

கேள்வி
வணக்கம். எங்கள் பள்ளி இணைப்பாட நடவடிக்கையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் 13 வயது. பலருக்குக் கை சிறியது, இருவர் இடக்கைக்காரர்கள். கைவசம் உள்ளவை ஸ்டேயர் எல்பி10 பிஸ்டல்கள், எல்லாவற்றிலும் நடுத்தர அளவு வலக்கை கிரிப் (கைப்பிடி). சிறிது நேரத்தில் கை தளர்ந்துவிடுகிறது. வலக்கைக்காரர்களுக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே குவிகின்றன. மூன்று பிஸ்டல் வாங்க அனுமதி உண்டு. எலக்ட்ரானிக் டிரிகர் (சுடும் விசை) உள்ள மொரினி பிஸ்டல் வாங்கலாமா? நேரே பாயிண்ட் 22-இல் (வெடிமருந்துத் தோட்டா பிஸ்டல்) தொடங்கலாமா?

பதில் 1
பாயிண்ட் 22 இப்போது வேண்டவே வேண்டாம் சார். சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து, சுடும் முன்பே கண்ணை மூடும் பழக்கம் வந்துவிடும். அதைப் போக்குவது பெரும்பாடு.

இடப்பக்கம் கீழே விழுவதற்கு முதலில் கிரிப்பைப் பாருங்கள். பெரிய கிரிப்பில் சிறிய கை டிரிகரை எட்டாது. விரல் நுனி மட்டும்தான் படும். நேராகப் பின்னே இழுக்க முடியாமல், விரல் டிரிகரை இடப்பக்கமாகத் தள்ளும். கூடவே மற்ற விரல்களும் இறுக, குழல்முனை தாழும். எல்பி10-இல் டிரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தலாம். திருகைத் தளர்த்தி, விரலின் முதல் மடிப்புக்கு முன்னால் உள்ள சதை படும்வரை பின்னே கொண்டுவாருங்கள். அப்படியும் எட்டாதவர்களுக்குச் சிறிய அளவு கிரிப் தனியாக வாங்குங்கள். இடக்கைக்காரர்களுக்கும் இடக்கை கிரிப் தனியாகக் கிடைக்கும். வலக்கை கிரிப்பை அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

கிரிப் சரியானதும் ஒரு சோதனை: பிள்ளைக்குத் தெரியாமல் இடையிடையே பெல்லட் (குண்டு) போடாமல் மூடிக் கொடுங்கள். டிரிகர் விழும் கணத்தில் முன் சைட் (குறிபார்க்கும் முனை) சரிந்தால் கோளாறு விரலில், துப்பாக்கியில் இல்லை.

பதில் 2
மொரினியின் டிரிகர் நல்ல டிரிகர்தான். ஆனால் பள்ளிக்குப் பேட்டரி இன்னொரு தலைவலி, மெக்கானிக்கல் போதும். விதிப்படி டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைச் சுடாமல் தாங்க வேண்டும். 530 வாக்கில் வையுங்கள், அதில் ஏறக்குறைய 400 முதல் கட்டத்திலேயே, அதாவது விரல் தடையை உணரும்வரையிலான இழுப்பில், வரட்டும். அதன்பின் சுடவைக்கும் இழுப்புதான் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் இலேசாக இருந்தால் மீதி எடை முழுவதையும் இரண்டாம் கட்டத்தில் இழுக்க வேண்டிவரும்.

கை தளர்வதற்கு ஸ்டேயர் எல்பி2 காம்பாக்ட், பார்டினி கே12 ஜூனியர் போன்ற எடை குறைந்தவற்றில் இரண்டு வாங்கலாம். ஆனால் குழல் குட்டையான மாடலில் இரு சைட்டுகளுக்கும் இடைவெளி குறையும். சிறு பிசகும் இலக்கில் பெரிதாகும். அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டரும் சிறியதாக இருந்தால் அடிக்கடி காற்று நிரப்ப வேண்டிவரும். தோள் வலுப்பட்டதும் முழு அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

சிலிண்டர் அளவைமானியைப் பழக்கமாகப் பாருங்கள். அழுத்தம் மிகவும் இறங்கினால் குண்டின் வேகம் குறைந்து கீழே விழும். பிள்ளையின் தவறென்று திட்டிக்கொண்டிருப்போம். நிரப்பும் உச்சம் 200 பார் (அழுத்த அலகு). 300 பார் டைவிங் பாட்டிலிலிருந்து நிரப்பினால் வால்வை மெல்லத் திறந்து 200-இல் நிறுத்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கைப்பம்புக்கு ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் கட்டாயம். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். உற்பத்தியாளர் தரும் ஆயுள் வழக்கமாக 10 ஆண்டு.

கேட்டவர்
மிக்க நன்றி. வீட்டில் கை வலுப்படுத்த என்ன செய்யச் சொல்லலாம்?

பதில் 1
துப்பாக்கி ஆயுத அறையைவிட்டு வெளியே போகாது. நகல் துப்பாக்கிக்கும் சிங்கப்பூரில் சட்டக் கட்டுப்பாடு உண்டு, எனவே அதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, கையை நேரே நீட்டி 15 விநாடி நிறுத்தி, ஒரு நிமிடம் ஓய்வு. பத்து முறை. தோளில் வலி வந்தால் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.