வயிற்றுப் புண் இருந்தவருக்கு மூளையில் ஃப்ளோ டைவர்ட்டர் வைக்கலாமா?

வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. ஆறு வாரங்களுக்கு முன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, வலது புருவத்தைக் கைமுட்டியால் அழுத்தியபடியே இருந்தார். ஒற்றைத் தலைவலி என்றுதான் நினைத்தோம். மாத்திரைக்குக் கேட்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளை ரத்தக்குழாயில் வீக்கம், அனியூரிசம். நல்லவேளை, வெடிக்கவில்லை.

அப்புறம் தொடை வழியாக அஞ்சியோகிராமும் செய்தாயிற்று. கண்ணுக்குக் கிளை பிரியும் இடத்தில் 8 மி.மீ. வீக்கம், அதன் கழுத்து, அதாவது ரத்தக்குழாயோடு சேரும் வாய், 5 மி.மீ. கழுத்து அகலம் என்பதால் வீக்கத்துக்குள் அடைக்கும் பிளாட்டினம் கம்பிச்சுருளை (கொயில்) மட்டும் வைத்தால் நழுவி வெளியே வரக்கூடும், ஃப்ளோ டைவர்ட்டர்தான் நல்லது என்கிறார் ஒரு வைத்தியர். நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாய் அது. வீக்கத்துக்குள் ரத்தம் பாய்வதைக் குறைத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மூடவைக்கும். ஆனால் அந்தக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல் என்ற இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், இடையில் தாமாக நிறுத்தவே கூடாது.

அந்த மாத்திரைகளால் வயிற்றில் மறுபடி ரத்தம் கசியுமோ என்பதுதான் எங்கள் பயம். 2022இல் அம்மாவுக்கு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து, ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு வைத்தியர் மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போட்டு மூடலாம் என்கிறார். அதற்கு அம்மா சம்மதிக்கவே இல்லை. வயிற்று வைத்தியரிடமும் காட்டினோம். எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியிருக்கிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கும் என்று, அதே வகையைச் சேர்ந்த பான்டோபிரசோல் மாற்றித் தந்தார். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இரண்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

வயிற்றுப் புண் இருந்தும் கொழும்பில் ஃப்ளோ டைவர்ட்டர் வைத்துக்கொண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த இரண்டு மாத்திரைகளையும் அவர்களுடைய வயிறு தாங்கியதா?